கூட்டல் போடாத டொக்டர்

கூட்டுத்தொகையைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். தாளின் அடியில் யாராவது ஒரு கோடு இழுத்து அதற்குக் கீழே ஓர் எண்ணை எழுதியிருந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுதிய ஆளைத் தேடுவார். ஆள் அகப்பட்டதும் ஒரே கேள்விதான்.

“எதை எதோட கூட்டினீர்?”

அநேகமாக அகப்படுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் அப்போது தீவுப்பகுதியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனங்கள் பீ.எச்.ஐ. என்பார்கள். கிணற்றுக்கு மருந்து போடுவது, மலசலகூடக் குழி சரியான தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி வீடு வீடாகச் சைக்கிளில் போவது, இவைதான் என் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதிக்கென்று ஒரு மனநலத் திட்டம் வந்தது. திட்டத்துக்கென்று ஒரு லோஞ்சு, இயந்திரம் பூட்டிய படகு. மாதம் ஒருமுறை அதில் போய் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் புங்குடுதீவிலும் கிளினிக் வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருதரம் போட்டால் போதும் என்கிற புது ஊசியும் அப்போதுதான் வந்திருந்தது. டொக்டராக அவர் வந்தார். வீடுகளை அறிந்தவன் என்பதால் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த ஒரு நேர்ஸ்.

டொக்டர் உயரமான பெண். வள்ளத்தில் ஏறி இறங்க வசதியாகச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தித்தான் கட்டுவார். அதைப் பற்றி ஊரில் கதைத்தார்கள். அவர் காதில் விழும்படி கதைத்தவர்களிடம், “தண்ணிக்குள்ள இறங்கி வந்து எனக்குச் சேலை பிடிக்கிறியளோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் காதில் விழும்படி ஒருவரும் கதைக்கவில்லை. தகப்பனுக்குத் தென்னிலங்கைப் பட்டணம் ஒன்றில் கடை இருந்ததாம். அங்கே வளர்ந்தபடியால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். கொழும்போடு தொலைபேசியில் சிங்களத்தில் சண்டை பிடிப்பார், எங்களோடு தமிழில் சண்டை பிடிப்பார்.

சண்டைக்குக் காரணம் மதிப்பீட்டுத் தாள். திட்டத்தோடு கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். நித்திரை வருகிறதா, சாப்பாடு செல்கிறதா, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறதா, யாராவது கெடுதி செய்யப் பார்க்கிறார்கள் என்று சந்தேகமா, உயிரோடு இருக்க விருப்பமில்லையா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் சைபரில் இருந்து நாலு வரை புள்ளி போட வேண்டும். இல்லையென்றால் சைபர், மிகக் கடுமை என்றால் நாலு. பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் ஆளுடைய வருத்தத்தின், அதாவது நோயின், அளவு வந்துவிடும். இத்தனைக்கு மேலே என்றால் நோயாளி, கீழே என்றால் சுகம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வந்த ஆள் நான்.

முதல் கிளினிக் முடிந்து லோஞ்சில் திரும்பி வரும்போது, மடியில் தாள்களை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். டொக்டர் ஒரு தாளை இழுத்தெடுத்தார்.

“நித்திரை வராததுக்கு ரண்டு போட்டிருக்கிறீர். சாக வேணும் எண்டு நினைக்கிறதுக்கும் ரண்டு. என்ன எழுதினனீர் அடியில?”

“நாலு, டொக்டர்.”

“அந்த நாலு என்ன?”

“நாலு புள்ளி.”

“நாலு புள்ளி எண்டால் என்ன, பீ.எச்.ஐ.? பாதி நித்திரையோ, பாதிச் சாவோ?”

இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். அதிலும் அடியில் நாலுதான். அந்த ஆளுக்கு நித்திரையில் ஒன்று, சாப்பாட்டில் ஒன்று, களைப்பில் ஒன்று, தலையிடியில் ஒன்று.

“இந்தாளும் அந்தாளும் ஒரே வருத்தக்காரரோ? இவர் நாளைக்கும் வேலைக்குப் போவார். மற்றவர் நாளைக்கு இருப்பாரோ எண்டு எனக்குத் தெரியாது. உம்மட நாலுக்கும் தெரியாது.”

லோஞ்சு கரையைத் தொட்டதும் டொக்டர் வீட்டுக்குப் போகவில்லை. அந்த முதல் தாளுக்குரிய மனிதரைத் தேடி அடுத்த வள்ளத்தில் திரும்பிப் போனார். அந்த மனிதரை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான், அவர் கயிறு வரைக்கும் எடுத்து வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. கொழும்பின் கணக்குப்படி அவர் சுகமான ஆள்.

டொக்டரைக் கோபக்காரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அநியாயம். நன்றாகச் சிரிப்பார். ஒருமுறை ஒரே மனிதரை நானும் நேர்சும் தனித்தனியாகக் கண்டு புள்ளி போட்டோம். சந்தேகம் என்ற கேள்விக்கு நேர்ஸ் சைபர் போட்டிருந்தார், நான் நாலு. இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் உள்ளதை எழுதச் சொல்லித் திட்டத்தின் கட்டளை. ஆகவே இரண்டு என்று எழுதினோம்.

“நேர்ஸ் கண்ட ஆளுக்குச் சந்தேகமே இல்லை. நீர் கண்ட ஆளுக்குத் தலைநிறையச் சந்தேகம். இந்த ரண்டுக்காரன் ஆர்? நீங்கள் ரண்டு பேரும் காணாத ஒரு ஆளை எழுதி வைச்சிருக்கிறியள்.”

பிறகு விசாரித்தார். அந்த மனிதருடைய கிணற்றை மூட வேண்டிவரும் என்று போன மாதம்தான் நான் எச்சரித்திருந்தேன். என்னைக் கண்டதும் அவர் வேலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டுதான் பதில் சொன்னார். டொக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பீ.எச்.ஐ.யைச் சந்தேகப்படுறது வருத்தமில்லை. புத்தி.”

நெடுந்தீவில் ஒரு விதவை இருந்தாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. வாசல் படலையடியில் அவன் செருமுகிற சத்தம் கேட்கிறது என்றாள். விரதம் என்று ஒருநேரம்தான் சாப்பிட்டாள். விடியும்வரை விழித்திருந்தாள். தாள் எல்லாவற்றுக்கும் பெரிய புள்ளி கொடுத்தது. கிளினிக்கிலேயே புள்ளியில் முதலாவதாக வந்தவள் அவள்தான். பெரிய ஆசுபத்திரிக்கு உடனே அனுப்பும்படி கொழும்பில் இருந்து கட்டளை வந்தது. டொக்டர் அனுப்பவில்லை. அவள் வீட்டுக் குசினியில் போய் அடுப்படியில் பலகையில் இருந்தார்.

“அவர் செருமினால் நீர் என்ன செய்வீர்?”

“என்ன செய்யிறது, டொக்டர்? வாங்கோ எண்டுவன். பிறகு அழுவன். விடிஞ்சால் பெட்டையளைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிட்டு பெட்டி இழைக்க ஓலை வார வேணும்.”

“அனுப்ப ஏலாது” என்று கொழும்புக்கு எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, “அவவின்ர பிள்ளையளைப் பாத்துக்கொள்ள வேற ஆள் இல்லை” என்று மட்டும் எழுதினார். அந்தப் பெண் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். செருமல் சத்தம் நின்றதா என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்படி ஒன்றும் இரண்டுமாக நடந்த சண்டை, புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்த ஒரு பிள்ளையோடுதான் பெரிதானது.

அவளுக்கு இருபது வயதிருக்கும். கெட்டிக்காரி, படித்தவள். தான் மனதில் நினைப்பதையெல்லாம் ஊரவர்கள் சத்தமாகச் சொல்கிறார்கள் என்று கத்திக்கொண்டு ஒழுங்கையில் ஓடினாள் என்று, கையைச் சால்வையால் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். தாளில் புள்ளி உச்சத்துக்குப் போனது. ஊசி தொடங்கியது. சில மாதங்களில் கத்தல் நின்றது. பிறகு கதையும் நின்றது. சிரிப்பும் நின்றது. இருத்தினால் இருந்தாள், கிடத்தினால் கிடந்தாள். நேர்ஸ் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் வெறுமையாக விட்டு அனுப்பினார். டொக்டர் அதே கட்டோடு, இந்தப் பிள்ளையை உடனே ஆசுபத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்த எழுத்தைக் கொழும்பில் யாரும் பார்க்கவில்லை. வெறுமையான பெட்டியைச் சைபர் என்று எடுப்பது அங்கே வழக்கம். கொஞ்ச நாளில் குணமடைந்தவர்களின் பெயர்கள் டைப் அடித்து வந்தன. இறுப்பிட்டிப் பிள்ளையின் பெயர் முதலாவதாக இருந்தது. தீவுப்பகுதியிலேயே ஒரு புள்ளிகூட இல்லாத ஒரே ஆள் அவள். என்னிடமும் டொக்டரிடமும் ஆளுக்கு ஒரு புள்ளியாவது கட்டாயம் இருந்திருக்கும். அதே தபாலில், பிள்ளை பூரண சுகம் என்று வீட்டுக்கும் ஒரு கடிதம் போய்விட்டது.

பெயரைக் கண்டதும் புறப்பட்டு நாங்கள் இறுப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஆட்கள். பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை பகுதியார் வந்திருந்தார்கள். கதிரைகள் போட்டுத் தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். டொக்டரைக் கண்டதும் தகப்பனுடைய முகம் மாறியது. அவர் காணி பூமியோடு மரியாதையாக வாழ்ந்த மனிதர்.

“ஐயா, உங்களோட உள்ளுக்குப் போய்க் கொஞ்சம் கதைக்க வேணும்” என்றார் டொக்டர்.

“உள்ளுக்குப் போய்க் கதைக்க என்ன இருக்கு? பிள்ளைக்குச் சுகமெண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. இவையும் பாத்திட்டினம்.”

“அரசாங்கம் உங்கட பிள்ளையைக் காணேல்லை. நான் கண்டனான். உள்ளுக்கு வாங்கோ.”

“இஞ்சையே சொல்லுங்கோ. எனக்கு ஒளிப்பில்லை.”

தாய் குறுக்கே வந்தாள். “டொக்டர், முந்தி எப்பிடிக் கத்தினவள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இப்ப ஒரு சத்தமில்லை. இரு எண்டால் இருக்கிறாள். வேற என்ன வேணும்?”

பிள்ளை சேலை உடுத்து, பூ வைத்து, கதிரை ஒன்றில் இருந்தாள். அவளுடைய கீழ் உதட்டில் ஓர் இலையான் பறந்து வந்து இருந்தது. அது நடந்து வாயின் ஓரம் வரைக்கும் போனது. அவள் கையைத் தூக்கவில்லை. கண்கூட அசையவில்லை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். டொக்டர் போய்த் தன் கையால் இலையானைக் கலைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

“நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, ஐயா” என்றார்.

மாப்பிள்ளை பகுதியார் எழும்பிப் போனார்கள். தகப்பன் டொக்டரைத் திட்டினார். குடும்பத்தைச் சந்தியில் விட்டுவிட்டீர்கள் என்றார். நல்லாய் இருக்க மாட்டீர்கள் என்றார். டொக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டி முடிந்ததும், “பிள்ளையின்ர உடுப்பை எடுத்துத் தாங்கோ. நான் கொண்டு போறன்” என்றார். அன்று எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான். ஒருநாள் பொறுத்திருக்கலாமே என்று பஸ்ஸில் சொன்னேன். “கலியாணம் முடிஞ்சு வேற வீட்டில போய் இப்பிடி இருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ?” என்றார். எனக்குத் தெரியும்.

ஆசுபத்திரியில் ஊசியை நிறுத்தினார். வேறு மருந்து மாற்றினார். பின்னேரம் வேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் இருந்து கதைப்பார். பதில் வராவிட்டாலும் கதைப்பார். சமையல், சினிமா, கொழும்புக்காரரைப் பற்றிய புறணி என்று என்னவெல்லாமோ. வாரக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலை நான் ஆசுபத்திரி வாசலில் சைக்கிளைச் சாத்திக்கொண்டு நிற்க, அவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டதில்லை.

“கஞ்சிக்கு உப்புக் காணாதாம்! சொல்லிப்போட்டாள். குறை சொல்லிப்போட்டாள்!”

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வாய் திறந்தது. நித்திரை வருவதில்லை என்றாள். பயமாக இருக்கிறது என்றாள். சிலவேளை குரல்கள் கேட்கின்றன என்றாள். தன் கலியாணம் நின்றது வெட்கம் என்றாள், பிறகு நல்லது என்றாள். நேர்ஸ் எல்லாவற்றையும் தாளில் போட்டார். இப்போது பெட்டிகள் எல்லாம் நிறைந்திருந்தன. புள்ளி ஏறிவிட்டது. பிள்ளை மீண்டு வர வர, தாளில் அவள் மோசமாகிக்கொண்டு போனாள்.

இந்த நேரத்தில்தான் திட்டத்துக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் கொழும்பிலிருந்து வந்தார். நல்ல மனிதர், மெதுவாகக் கதைப்பார். கிறீம் பிஸ்கற்றும் தேத்தண்ணியும் வைத்து ஆசுபத்திரியிலேயே கூட்டம் நடந்தது. ஒரு வருடத்தில் தீவுப்பகுதி நோயாளிகளின் சராசரிப் புள்ளி பாதிக்கு இறங்கிவிட்டதாம். அதை அறிக்கையாக எழுதினால் வெளிநாட்டு உதவி தொடரும், லோஞ்சும் தொடரும். அதில் எங்கள் டொக்டருடைய கையெழுத்து வேண்டும்.

“நான் வைக்க மாட்டன்” என்றார் அவர்.

“ஏன்?”

“வருத்தம் உச்சத்தில நிக்கேக்கதான் சனம் எங்களிட்டைக் கொண்டுவருது, சேர். உச்சத்தில நிண்ட ஆள் ஊசி போடாட்டிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதில எவ்வளவு எங்கட ஊசியால இறங்கினது? ஊசி போடாத ஆக்களை நாங்கள் பாக்கேல்லையே. பிறகு, இடையில வராமல் விட்ட ஆக்களைக் கணக்கிலயே எடுக்கேல்லை. பதில் வராத கேள்விக்கெல்லாம் சைபர் போட்டிருக்கிறியள். அந்தச் சைபரெல்லாம் சேர்ந்துதான் உங்கட பாதி.”

பெரிய டொக்டர் தாள்களைப் புரட்டினார். “நீங்கள் உங்கட பொறுப்பில எடுத்துப் பாத்த ஒரு பிள்ளை, இறுப்பிட்டிப் பிள்ளை. சைபரில இருந்த ஆள். இப்ப இவ்வளவு கூடியிருக்கு. அதுக்கு என்ன சொல்லுறியள்?”

“ஓம். கூடியிருக்கு. வாய் திறந்திட்டாள். அவள் அடுத்த அறையிலதான் இருக்கிறாள். எழும்பி வந்து ஒருக்காப் பாருங்கோ. பாத்திட்டு எந்தத் தாளில அவள் சுகமாய் இருக்கிறாள் எண்டு சொல்லுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்.”

பெரிய டொக்டர் எழும்பிப் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அவர் வந்தது ஜீப்பில்.

லோஞ்சு நின்றது. அது வெறும் சொல் இல்லை. நயினாதீவில் கிளினிக்குக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த சிலர், பஸ்ஸும் வள்ளமும் பிடித்து வர முடியாமல் மருந்தை விட்டார்கள். ஒருவர் திரும்பவும் கட்டிவைக்கப்பட்டார் என்று கேள்விப்பட்டு, டொக்டரிடம் நேரே கேட்டேன்.

“நீங்கள் அந்த ஒரு கையெழுத்தை வைச்சிருந்தால் லோஞ்சு வந்திருக்கும், டொக்டர்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓம். வந்திருக்கும். அதில ஏறிப்போய்க் கதைக்காத பிள்ளையளையெல்லாம் சுகமெண்டு விட்டிட்டு வந்திருப்பம். உமக்கு அது சம்மதமோ?”

“கட்டி வைச்சிருக்கிற ஆளுக்கு என்ன பதில்?”

“பதில் இல்லை. அவிழ்க்க வேணும். வாரும்.”

அன்றே போனோம், குறிகட்டுவான் துறையில் இருந்து, ஊர்ச் சனங்கள் போகிற லோஞ்சில் சனங்களோடு சனங்களாக. அதற்குப் பிறகு மாதாமாதம் அப்படித்தான். மருந்தை ஆசுபத்திரிக் கையிருப்பிலிருந்து சண்டை பிடித்து எடுப்பார். மூட்டைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஊசிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். சோளகக் காற்றுக் காலத்தில் அலை அடித்துத் தலை முழுக்க நனைந்தால், கரையில் கூந்தலைப் பிழிந்து கட்டிக்கொண்டு அப்படியே வேலையைத் தொடங்குவார். தாள் நிரப்பத்தான் செய்தார். ஆனால் அடியில் கோடு இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் தனியே பார்ப்பார், போன மாதத்துப் பதிலோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், பதில் இல்லாத இடத்தில் ‘ஏன் கதைக்கவில்லை’ என்று சிவப்பில் எழுதி வைப்பார்.

இறுப்பிட்டிப் பிள்ளை வீட்டுக்குப் போனாள். முழுச் சுகம் என்று சொல்ல மாட்டேன். இடைக்கிடை வருத்தம் வந்தது, திரும்ப ஆசுபத்திரிக்கு வந்தாள், திரும்பவும் போனாள். பாலர் வகுப்பொன்றில் படிப்பித்தாள். தகப்பன் டொக்டரோடு கடைசிவரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் மாதந்தவறாமல் மகளைக் கூட்டி வந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வாங்குப் பலகையில் இருப்பார். “அவர் வந்திருக்கிறாரே, அது காணும்” என்பார் டொக்டர்.

டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. மலையகத்துப் பக்கம். மேலிடத்துக்குக் கட்டுப்படாதவர் என்று காரணம் எழுதியிருந்ததாக நேர்ஸ் சொன்னார். குறித்த நாளில் அவர் போய்ப் பொறுப்பெடுத்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் நான் குறிகட்டுவானில் வேறு அலுவலாக நிற்க, ஊசிப்பெட்டியோடு நெடுந்தீவு லோஞ்சுக்கு நடந்து வருகிறார்.

“டொக்டர், உங்களுக்கு நேற்றோட இஞ்ச வேலை முடிஞ்சுது.”

“எனக்கு முடிஞ்சுது. அங்க இருக்கிற ஆக்களுக்கு இண்டைக்குக் கிளினிக். புது ஆள் இன்னும் வரேல்லை.”

“ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“கண்டனான் எண்டு சொல்லும். எங்க போனவ எண்டு கேட்டால் அதையும் சொல்லும். எழுத்தில கேட்டால் எழுத்தில குடும்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார்.

மேலிடத்தில் இருந்து எழுத்தில்தான் கேட்டார்கள். அன்று அவரைக் கண்டீரா என்று கேட்டிருந்தார்கள். கண்டேன், நெடுந்தீவுக் கிளினிக்குக்குப் போனார், புது டொக்டர் வராதபடியால் போக வேண்டியிருந்தது என்று எழுதி, என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். சில மாதங்களில், இங்கே வேலை முடிந்தது என்று எனக்கும் இடமாற்றக் கடிதம் வந்தது. வாசித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைக் கடை வாசலில் விட்டுவிட்டு, குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினேன். லோஞ்சில் நேர்ஸ் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அன்று நெடுந்தீவில் கிளினிக்.